உட்கார்ந்தபடி ஆறாயிரம் அடி

ஊரடங்கின் ஆறாவது வாரத்தில்தான் அரசாங்கத்துக்கு எங்கள் கால்களின் ஞாபகம் வந்தது. அறுபதைத் தாண்டியவர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து உட்கார்ந்து மரக்கட்டையாகிவிடுவார்கள் என்று யாரோ ஒரு நிபுணர் சொன்னாராம். உண்மைதான். அதற்கு முந்தைய ஐந்து வாரமும் தெருவில் தலைகாட்டினால் அபராதம் என்று ஒலிபெருக்கி வைத்துக் கத்தி, எங்களை உட்கார வைத்தவர்களும் அவர்களேதான்.

ஒரே வாரத்தில் ஒரு துறை முளைத்தது. பெயர், மூத்தோர் நடமாட்ட நலத்துறை. அதன் முதல் சுற்றறிக்கையில் இரண்டே வரிகள். முதியோர் உட்கார்ந்தே இருக்கலாகாது. முதியோர் வெளியே வரலாகாது. இந்த இரண்டு வரிக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நாங்கள் நடந்துகொள்ளலாம் என்பது அதன் கருத்து.

எங்கள் கட்டடத்தில் அந்தச் சந்து, மூன்றாம் மாடி வராந்தா. இந்தக் கோடியில் ஒரு தண்ணீர் டிரம், அந்தக் கோடியில் யாரோ விட்டுப்போன உடைந்த பீரோ. இடையில் இருபத்திரண்டு அடி வைக்கலாம். மாடியில் ஆறு வீடு. மூத்தோர் ஒவ்வொருவருக்கும் தினம் அரை மணி நேரம் என்று அட்டை கொடுத்தார்கள். எனக்கு நாலு மணி. பக்கத்து வீட்டுத் தபாலக்காவுக்கு ஐந்து மணி.

நான் ஓய்வுபெற்ற தச்சன். வயது அறுபத்தாறு, தனிக்கட்டை, இடது முழங்காலில் வீக்கம். பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு தம்பதி. அண்ணன் முப்பத்து நாலு வருடம் அரசு அலுவலகம் ஒன்றில் லிஃப்டு ஓட்டியவர். அவர் ஏறிய மாடிகளை அடுக்கினால் வானத்தைத் தொடும், நடந்த தூரத்தை அளந்தால் பேருந்து நிறுத்தம்கூட வராது. அக்கா அவருக்கு நேர் எதிர். முப்பத்தொரு வருடம் தோளில் பையோடு வீடு வீடாக நடந்து தபால் கொடுத்தவர். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும் என்று இன்றைக்கும் சொல்வார்.

அப்படிப்பட்டவர் ஊரடங்குக்கு இரண்டு மாதம் முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். தகடு வைத்துத் தைத்து, ஒரு வாக்கரைக் கடனாகக் கொடுத்து அனுப்பினார்கள். நான்கு கால் கொண்ட அந்த இரும்புச் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளித் தள்ளி நடக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னதை அக்கா எங்கள் எல்லோரிடமும் நூறு தடவை சொல்லியிருப்பார்.

"நடந்தா கால் உங்களுது. உட்கார்ந்துட்டா நாற்காலிதான் உங்களுது."

அவர்கள் வீட்டுக்குள் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு மேஜை போக, வாக்கர் திரும்ப இடம் கிடையாது. ஆகவே அந்த ஐந்து மணி வராந்தாதான் அக்காவின் கால். முதல் நாள் பாதி தூரம் போய் அழுதுகொண்டே திரும்பினார். மூன்றாவது வாரம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு தடவை போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் டிரம்மை விரலால் தட்டிவிட்டுத்தான் திரும்புவார். தபால் போட்டதற்கு அடையாளமாம்.

அப்போதுதான் கைப்பட்டை வந்தது.

தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு போட்ட இருவர் வந்து எங்கள் வலது மணிக்கட்டில் ஆளுக்கொன்றாக மாட்டி, குறடால் நெரித்துப் பூட்டினார்கள். யார் எத்தனை அடி நடந்தார் என்று அது துறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தினசரி மூவாயிரம் அடி நடக்காதவர் ஆர்வமற்றோர் பட்டியலில் சேர்வார். அவருடைய வராந்தா நேரம் ஆர்வமுள்ளோருக்குப் போகும். வராந்தாக் கோடியில் ஒரு கேமராவையும் பொருத்திவிட்டுப் போனார்கள்.

முதல் வாரக் கணக்கு வந்தது. நான் நாளொன்றுக்குப் பதினோராயிரத்து நானூறு அடி நடந்திருந்தேன். அந்த வாரம் நான் முழங்கால் வலியால் வராந்தாப் பக்கமே போகவில்லை. பொழுது போகாமல் ஒரு முக்காலி செய்து, உட்கார்ந்த இடத்திலேயே அதற்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கொசு விரட்டியதிலேயே நாலாயிரம் நடந்திருந்தார். தினமும் ஆறு நடை நடந்த அக்காவின் பெயருக்கு நேரே பூஜ்யம் இருந்தது.

விஷயம் இவ்வளவுதான். கை வீசினால் அடி என்று எண்ணுகிற பட்டை அது. வாக்கரைப் பிடித்தவர் கையை வீசினால் கீழே விழுவார்.

எனக்குச் சிறந்த நடையாளர் என்று சான்றிதழ் வந்தது. அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. துறையின் ஆலோசகராம், குரலில் அப்படி ஒரு கனிவு.

"ஏம்மா, வாரம் பூரா படுத்தே இருந்தீங்களா?"

அக்கா பொறுமையாக விளக்கினார். அந்தப் பெண்ணும் பொறுமையாகக் கேட்டது. கடைசியில், கை வீசாமல் நடப்பது என்று ஒன்று தங்கள் பட்டியலிலேயே இல்லை என்றது. ஒரு கையால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை வீசிப் பாருங்களேன் என்றும் யோசனை சொன்னது. அக்கா அன்றைக்கே வீசிப் பார்த்தார். அண்ணன் பின்னாலேயே போனதால் இடுப்பு தப்பித்தது.

அண்ணன் அவ்வளவு லேசில் விடுகிறவர் அல்ல. கை அசையாவிட்டால் என்ன, கால் அசைகிறதே என்று பட்டையை வெட்டி எடுத்து அக்காவின் கணுக்காலில் கட்டினார். ஒரு மணி நேரத்தில் வாசலில் வெள்ளை உடுப்பு வந்து நின்றது. மணிக்கட்டை விட்டுப் பட்டை போனால், ஆளே ஓடிப்போய்விட்டதாகத் துறைக்குச் செய்தி போகுமாம். புதுப் பட்டை பூட்டி, எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்தும் வாங்கிப் போனார்கள். தப்பியோட முயன்றவரின் வயது அறுபத்தொன்பது என்று அதில் எழுதியிருந்தது.

மேல்முறையீடு வீடியோவில் நடந்தது. துறையின் இணை இயக்குநரே விசாரித்தார். திரையில் அவர் முகத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். பல வருடம் அவரை லிஃப்டில் ஏற்றியிறக்கியவராயிற்றே. முதல் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்குப் போகக்கூட லிஃப்டுக்குக் காத்து நிற்பவராம், ஏறியதும் கண்ணாடியைப் பார்த்துத் தலை வாருவாராம். சார், நான்தான் லிஃப்டு என்று அண்ணன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். இணை இயக்குநருக்கு நினைவு வரவில்லை. அத்தனை வருடமும் அண்ணனின் முதுகைத்தானே பார்த்தார்.

நான் கைபேசியைப் பிடித்துக்கொள்ள, அக்கா அவர் கண்ணெதிரே வராந்தாவில் நடந்து காட்டினார். ஆறு நடை. முடிக்கும்போது அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அன்றைக்கு டிரம்மைக் கொஞ்சம் பலமாகவே தட்டினார். இணை இயக்குநர் மனம் உருகிப்போனார்.

"பிரமாதம் அம்மா. இந்த வயசுல, இந்த உடம்போட, என்ன ஒரு மன உறுதி. என் கண்ணாலயே பார்த்தேன்." பக்கத்திலிருந்த கணினியைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா பூஜ்யம்."

அண்ணன் விழித்தார். கண்ணால் பார்த்தீர்களே சார் என்றார். கேமராவிலும் தினம் தெரியுமே என்றார். அதற்கு இணை இயக்குநர் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"கேமரா, யார் வர்றாங்கன்னு பார்க்கிறதுக்கு. நடக்கிறாங்களான்னு பார்க்கிறது பட்டையோட வேலை. ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் தலையிட்டா நிர்வாகம் என்னாகும்? இதப் பாருங்க பெரியவரே. உங்க வீட்டம்மா நடந்தாங்களா இல்லையாங்கிறது உங்க குடும்ப விஷயம். நடந்ததா பதிவாச்சா இல்லையாங்கிறதுதான் அரசாங்க விஷயம். நான் என் கண்ணை நம்ப ஆரம்பிச்சா, நாளைக்கு ஒவ்வொரு அதிகாரியும் அவங்கவங்க கண்ணை நம்புவாங்க. அப்புறம் துறை எதுக்கு?"

மறுநாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆர்வமற்ற ஒருவருக்கு ஐந்து மணிக்கு இருந்த அரை மணி நேரம், என் சாதனையைப் பாராட்டி வரும் திங்கள் முதல் எனக்கு வழங்கப்படுகிறது. அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் சான்றிதழைக் கிழித்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே கறிச் சுரைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு, ஏட்டில் இல்லையே என்கிறார்கள்.

கோபத்தில் யோசிக்கக் கூடாது. நான் யோசித்தேன். அந்த யோசனை என்னுடையதுதான், அதை யார் தலையிலும் நான் கட்டவில்லை. பாதி தேய்த்த முக்காலியையும் ஒரு கட்டு உப்புத்தாளையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, மூவாயிரம்தானே கேக்கிறாங்க? உட்கார்ந்து இதைத் தேய்ங்க. காலையில அவங்களுக்கு நடந்துருங்க, சாயங்காலம் உங்களுக்கு நடங்க."

அக்கா சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

முதல் நாளே மூவாயிரத்து இருநூறு. திங்கட்கிழமை ஐந்து மணி அக்காவிடமே இருந்தது. அண்ணன் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். ஆனால் அன்று சாயங்காலம் அக்கா வாக்கரைப் பிடித்தபோது அவர் கைகள் நடுங்கின. உடம்பின் பாரம் முழுவதையும் அந்த இரண்டு கைகள்தானே தாங்க வேண்டும்? காலையெல்லாம் மரம் தேய்த்த கைகளுக்கு அதற்குத் தெம்பில்லை. ஒரு நடையோடு உட்கார்ந்துவிட்டார். பழகினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். எனக்குத் தெரிந்தது மரம், உடம்பு இல்லை.

பழகுவதற்குத் துறை விடவில்லை. பூஜ்யத்திலிருந்து ஒரே வாரத்தில் மூவாயிரத்துக்கு உயர்ந்த ஒரு மூதாட்டியைக் கண்டதும் அங்கே எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். கனிவான குரல் மறுபடி அழைத்தது. முன்னேற்றம் காட்டுகிறவர்களுக்கு இலக்கு உயர்த்தப்படும், இனி உங்களுக்கு நாலாயிரத்து ஐநூறு என்று வாழ்த்தியது. அதையும் தேய்த்துத் தீர்த்ததும் ஆறாயிரம் ஆக்கினார்கள். முக்காலி தேய்ந்து விறகானது. நான் வேறு பலகை கொடுத்தேன். அக்கா காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம்வரை தேய்த்தார். ஐந்து மணிக்கு வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கேயும் தேய்த்தார். நடப்பதற்கென்று காப்பாற்றிய நேரம் முழுவதும் அந்த நேரத்தைக் காப்பாற்றவே போயிற்று. மூலையில் நின்ற வாக்கரின் மேல் ஈரத் துண்டு காய்ந்தது.

அக்காவின் கால்கள் மெலிவது எனக்குத் தெரிந்தது. தச்சனுக்கு நாற்காலிக் கால் எது நிற்கும் எது நிற்காது என்று பார்த்ததும் தெரியும். தெரிந்தும் சும்மா இருந்தேன். நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். நிறுத்தினால் வராந்தா போய்விடுமே என்று அண்ணன் பயந்தார், நானும் பயந்தேன்.

இதற்கிடையே துறையின் நிபுணர் குழு அக்காவின் எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தது. வாக்கர் பயன்படுத்திய நாட்களில் பூஜ்யம். வாக்கரை விட்ட நாள் முதல் ஏறுமுகம். முதியோரை நடக்கவிடாமல் செய்வது வாக்கரே என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். எண்களைப் பார்த்தால் வேறு எந்த முடிவுக்கும் வர முடியாது, அதையும் சொல்ல வேண்டும். கடனாகக் கொடுத்த வாக்கர்களையெல்லாம் திரும்பப் பெறும்படி ஆணை போனது. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். ஈரத் துண்டை எடுத்துக் கவனமாக மடித்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, வாக்கரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே வண்டியில் ஏற்கெனவே முப்பது நாற்பது கிடந்தன.

அக்கா மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து வண்டி போவதைப் பார்த்தார். பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பாராட்டு விழா. இணை இயக்குநர் நேரில் வருகிறார் என்று காலையிலேயே கீழே முற்றத்தில் ஒலிபெருக்கி கட்டினார்கள். ஆறடிக்கு ஒருவராக அதிகாரிகள் நின்றார்கள். கார் வந்தது. இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி லிஃப்டு எங்கே என்பது. இந்தக் கட்டடத்தில் லிஃப்டு இல்லை என்று சொல்ல வேண்டிய கொடுமை அண்ணனுக்கு நேர்ந்தது. இணை இயக்குநர் படிக்கட்டைப் பார்த்தார். பிறகு, பெருந்தன்மையாக முடிவெடுத்தார்.

"அப்ப அவங்களே இறங்கி வரட்டும். ஆறாயிரம் அடி நடக்கிறவங்களுக்கு மூணு மாடி ஒரு விஷயமா?"

அண்ணன் மேலே ஓடிவந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன் நான். சொன்னால் ஏமாற்று வழக்கு, வராந்தாவும் போகும் என்றார் அவர். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூக்குங்க" என்றார்.

எழுபத்திரண்டு வயது லிஃப்டுக்காரரும் முழங்கால் வீங்கிய தச்சனும் ஒரு நாற்காலியை ஐம்பத்து நாலு படி இறக்கினோம். நாற்காலி நான் செய்தது, கனமாகத்தான் செய்திருந்தேன். அத்தனை படியிலும் என் பட்டை ஓர் அடிகூட எண்ணவில்லை, நாற்காலியைப் பிடித்த கை வீசவில்லையே. முற்றத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. புகைப்படக்காரர் மட்டும், நாற்காலி தெரியாமல் எடுத்துக்கொள்கிறேன் என்று இணை இயக்குநரின் காதில் சொன்னார்.

இணை இயக்குநர் இருபது நிமிடம் பேசினார். முதியோரின் கால்களில்தான் நாடு நிற்கிறது என்றார். துறை தொடங்கிய நாள் முதல் மாநாட்டுக்கும் கூட்டத்துக்குமாகத் தாம் உட்கார நேரமில்லாமல், அதாவது எழுந்திருக்க நேரமில்லாமல் உழைப்பதாகச் சொன்னார். பிறகு பரிசைக் கொடுத்தார். நடைப்பயிற்சிக் காலணி ஒரு ஜோடி. அளவு சரியாக இருந்தது. அண்ணன் குனிந்து அக்காவுக்கு மாட்டிவிட்டார்.

"எங்களுக்காக நாலடி நடந்து காட்டுங்கம்மா."

அக்கா புதுக் காலணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அக்கா வலது கையை மடியில் வைத்து, இல்லாத ஒரு பலகையைத் தேய்க்கத் தொடங்கினார். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். ஓர் அதிகாரி கையிலிருந்த கணினியைப் பார்த்து உரக்க எண்ணினார். ஐந்து, பத்து, இருபது, முப்பது. எல்லோரும் கைதட்டினார்கள். இணை இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நடிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, மூச்சு வாங்க இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலியை இறக்கினோம். அக்கா அங்கேதான் அழுதார்.

"முப்பத்தொரு வருஷம் நடந்தேன் தம்பி. ஒருத்தர் கை தட்டினதில்லை. இன்னைக்கு உட்கார்ந்திருந்தேன். என்னமா தட்டுறாங்க."

அண்ணன் காலணியின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தார்.

அன்றைக்கே என் கட்டிலைப் பிரித்தேன். நல்ல தேக்கு. கால் நாலு, குறுக்குச் சட்டம் மூன்று, பிடிப்பதற்கு இரண்டு உருண்டைக் கட்டை. இரும்பு வாக்கர் எப்படி இருந்தது என்று கண்ணில் நின்றதை வைத்தே அளந்தேன். அக்காவின் கையில் சிராய் ஏறக் கூடாதே என்று பிடிக்கு மூன்று நாள் உப்புத்தாள் போட்டேன். அந்த மூன்று நாளில் நான் நாற்பதாயிரம் அடி நடந்ததாகத் துறை வாழ்த்து அனுப்பியது. அதே மூன்று நாளும் அக்காவைப் பலகையைத் தொட விடவில்லை. கை தேறட்டும் என்றேன். எண் விழுமே என்று அண்ணன் புலம்பினார். விழட்டும் என்று இந்தத் தடவை அக்காவே சொன்னார்.

நாலாம் நாள் ஐந்து மணிக்கு மர வாக்கரை அவர் முன்னால் வைத்தோம். அக்கா பிடித்தார். எழுந்தார். கால் இரண்டும் காற்றில் ஆடும் துணி மாதிரி நடுங்கின. பழையபடி ஆறு நடை வராது, ஒருவேளை இனி எப்போதுமே வராது. எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். சட்டத்தைத் தள்ளி ஓர் அடி வைத்தார். இன்னொன்று. மூன்றாவது அடியில் டிரம் இன்னும் எட்டடி தூரத்தில் இருக்கும்போதே நாற்காலி கேட்டார். உட்கார்ந்த பிறகு நெடுநேரம் மூச்சு வாங்கினார். மணிக்கட்டைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். பட்டையில் பூஜ்யம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கனிவான குரல் அழைத்தது. கைபேசியை நான்தான் அக்காவின் காதருகே பிடித்திருந்தேன். நட்சத்திர நடையாளர் இப்படிச் செய்யலாமா என்று அது வருத்தப்பட்டது. நாலு நாளாகவே எண் சரியில்லை, இதே நிலை நீடித்தால் வராந்தா அனுமதியை மறுபரிசீலனை செய்ய வேண்டிவரும் என்றது.

"நேத்து சுத்தமா பூஜ்யம்மா. உடம்புக்கு ஏதாவது முடியலையா? நேத்து என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

அக்கா மர வாக்கரின் பிடியை ஒரு கையால் தடவிப் பார்த்தார்.

"நேத்து நடந்தேம்மா" என்றார்.